வலி தொடங்கும் முன்பே தெரியும் மூட்டுப் பிரச்சினைகள்: நீங்கள் கவனித்தது என்ன?

மெல்லநட

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மூட்டு என்றாலே நாம் கேட்கிற ஒரே கேள்வி "வலிக்குதா?" என்பதுதான். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுகிறோம். என் அப்பாவுடன் இருக்கத் தொடங்கிய பிறகு ஒன்று புரிந்தது. அவர் பொய் சொல்வதில்லை. எந்த அசைவு வலிக்குமோ அதை அவர் செய்வதே இல்லை, அதனால் வலியும் இல்லை.

அவர் நாற்காலியிலிருந்து எழுவதைச் சொல்கிறேன். முதலில் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து வருவார். இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொள்வார். ஒருமுறை பின்னால் சாய்ந்து முன்னால் வந்து அந்த வேகத்தில் எழுவார். எழுந்ததும் உடனே நடக்க மாட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் முதல் அடி. அந்த முதல் சில அடிகள் மட்டும் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் நடை சரியாகிவிடும். கூடவே நடந்தால் இது தெரியாது, தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியும்.

இப்படி நீங்கள் கவனித்த சின்னச் சின்ன மாற்றங்களை எழுதுங்கள். எதை வயதின் இயல்பு என்று விடலாம், எதற்கு மருத்துவரிடம் போகவேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பலருக்கும் உதவும்.

தசைநாண்

நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் சொன்ன அந்த முதல் சில அடிகள் முக்கியமானவை. உட்கார்ந்து எழுந்ததும் இறுக்கமாக இருந்து, கொஞ்சம் நடந்ததும் விட்டுப்போவது மூட்டுத் தேய்மானத்தின் ஆரம்பத்தில் அடிக்கடி பார்ப்பது.

முழங்காலைப் பொறுத்தவரை முதலில் காட்டிக்கொடுப்பது படிக்கட்டுதான். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல 2 மடங்குக்கு மேல். படி இறங்கும்போது அது 3 மடங்கைத் தாண்டிவிடும். அதோடு, இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். தசை பலவீனமாக இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் தெரியும். மனிதர்கள் இதற்கு என்ன செய்வார்கள்? கைப்பிடியைப் பிடிப்பார்கள். அதன் பிறகு, உடம்பை லேசாகத் திருப்பிப் பக்கவாட்டில் இறங்குவார்கள். அப்புறம் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த படி. கடைசியில் மாடிக்குப் போகிற வேலையையே குறைத்துக்கொள்வார்கள். "மேலே என்ன வேலை இருக்கு" என்று சொல்லத் தொடங்கினால் அது சோம்பல் இல்லை.

இடுப்பு மூட்டு வேறு மாதிரி. அதில் முதலில் குறைவது காலை உள்பக்கமாகத் திருப்பும் அசைவு. அதனால் சாக்ஸ் மாட்டுவது, கால் நகம் வெட்டுவது, காரில் ஏறும்போது காலை உள்ளே எடுத்து வைப்பது ஆகியவை சிரமமாகும். ஒரு காலுக்குச் சுலபமாக சாக்ஸ் போட்டுவிட்டு மறு காலுக்கு மட்டும் திண்டாடினால் அந்த இடுப்பைப் பரிசோதிக்கவேண்டும்.

இன்னொன்று, "இடுப்பு வலி" என்று சொல்பவர்கள் கையை எங்கே வைத்துக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில், முன்பக்கம் வரும். பக்கவாட்டில், அந்தப் பக்கமாகப் படுத்தால் வலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் அங்குள்ள தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) சம்பந்தப்பட்டது. சிலருக்கு இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் மட்டும் வலியாகத் தெரியும். முழங்காலை எத்தனை எக்ஸ்ரே எடுத்தாலும் ஒன்றும் கிடைக்காது. முழங்கால் வலி என்று வருபவரின் இடுப்பையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

நீலவானம்

எனக்கு வயது 34. உட்கார்ந்து எழும்போது இரண்டு முழங்காலிலும் நொறுநொறு என்று சத்தம் வருகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. இணையத்தில் தேடினால் தேய்மானம் என்று பயமுறுத்துகிறார்கள். குனிந்து எழுவதையே குறைத்துக்கொண்டிருக்கிறேன். இது ஆரம்ப அறிகுறியா?

தசைநாண்

வலியும் வீக்கமும் இல்லாமல், கால் முழுதாக மடங்கி நீள்கிறது என்றால் வெறும் சத்தத்துக்காகக் கவலைப்படாதீர்கள். நல்ல மூட்டுகளிலும் சத்தம் வரும். சத்தத்தோடு வலி, வீக்கம், கால் பாதியில் மாட்டிக்கொள்வது, திடீரென்று மடங்கிக் கீழே விடுவது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால்தான் பார்க்கவேண்டும்.

விரல் சொடுக்கினால் மூட்டுவாதம் வரும் என்பதும் இதே வகை பயம். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 60 ஆண்டுகளுக்கு மேல் ஒரு கை விரல்களை மட்டும் சொடுக்கி, மறு கையை அப்படியே விட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று 1998இல் எழுதினார். ஒரே ஒருவரின் சோதனைதான். ஆனாலும் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே மற்ற ஆய்வுகளிலும் தெரிவது.

நீங்கள் குனிந்து எழுவதைக் குறைத்துக்கொண்டேன் என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. தசை இளைத்தால் அடுத்து மூட்டுக்குத்தான் கஷ்டம். தயவுசெய்து பழையபடி செய்யுங்கள்.

கணக்கன்

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 70 வயதில் மெதுவாக எழுவதும் கைப்பிடியைப் பிடித்து இறங்குவதும் நோயா? எல்லாவற்றையும் அறிகுறி என்று பட்டியல் போட்டால் பெரியவர்கள் பயந்துபோய் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். மேலே நீலவானம் எழுதியதே அதற்கு உதாரணம். என் அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்து "மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது" என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து அவர் வெளியே நடப்பதையே விட்டார். அதுவரை நன்றாக நடந்துகொண்டிருந்தவர்.

மெல்லநட

கணக்கன் சார், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பயமுறுத்துவது நோக்கமில்லை. மெதுவாக எழுவது பற்றி அல்ல, போன வருடம் எழுந்த மாதிரி இந்த வருடம் எழவில்லை என்பதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

தசைநாண்

கணக்கன் அவர்கள் அம்மாவுக்கு நடந்தது அடிக்கடி நடப்பது, மிகவும் வருத்தமானது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்துக்கும் ஒருவர் படும் வலிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. படத்தில் மோசமாக இருப்பவர் நன்றாக நடப்பார். படத்தில் சுத்தமாக இருப்பவர் தவிப்பார். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், 45 வயதுக்கு மேற்பட்டவருக்கு வேலை செய்யும்போது மூட்டு வலிக்கிறது, காலையில் எழுந்ததும் மூட்டில் இறுக்கம் இல்லை அல்லது 30 நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை, வேறு சந்தேகமும் இல்லை என்றால் படமே எடுக்காமல் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்று இருக்கிறது. "தேய்ந்துவிட்டது, அதனால் நடக்காதே" என்பது தலைகீழான அறிவுரை. தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையே உடற்பயிற்சிதான். உங்கள் அம்மா மறுபடி நடக்கலாம், நடக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கட்டும்.

வயதின் இயல்பா, பிரச்சினையா என்பதற்கு நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். வயதால் வரும் தளர்ச்சி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வருடக்கணக்கில் மெதுவாக வரும். ஒரு பக்கம் மட்டும் மாறினாலோ, சில மாதங்களுக்குள் மாறினாலோ, பிடித்த வேலை ஒன்றை விட்டுவிட்டாலோ அதற்குக் காரணம் தேடவேண்டும். இந்த மூன்றாவதைத்தான் குடும்பத்தார் தவறவிடுகிறார்கள். தோட்டவேலை பிடிக்கும் மனிதர் செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்து மேசைமேல் ஏற்றுகிறார் என்றால் ரசனை மாறியது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரவுப்பணி

மூட்டுவாத மருத்துவப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தேய்மானத்தைப் பற்றியே பேச்சு போகிறது, முடக்குவாதத்தையும் சொல்லியாகவேண்டும். அது வேறு நோய், உடலின் எதிர்ப்புச்சக்தியே மூட்டுகளைத் தாக்குவது. அதில் காலதாமதம் வேறு விதமாகப் பாதிக்கும்.

தேய்மானத்தில் காலை இறுக்கம் கொஞ்ச நேரம்தான். முடக்குவாதத்தில் அரை மணிக்கு மேல், பல நேரம் ஒரு மணிக்கும் மேல் இருக்கும். இதைக் கேட்கும் விதம் முக்கியம். "காலையில் கை இறுக்கமாக இருக்குதா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? கை எத்தனை மணிக்கு வழக்கம்போல ஆனது?" என்று கேட்டால் கணக்கு தானாக வந்துவிடும். பல் துலக்கும்போது பிரஷ்ஷைப் பிடிக்க முடிந்ததா, சட்டைப் பொத்தானை யார் போட்டது, தண்ணீர் பாட்டில் மூடியை எப்போது திறக்க முடிந்தது என்று வேலையோடு சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்து, எந்த மூட்டு என்று பார்க்கவேண்டும். முடக்குவாதம் பெரும்பாலும் விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளில், விரலின் நடு மூட்டுகளில், மணிக்கட்டில், பாதத்தின் முன்பகுதியில், இரண்டு பக்கமும் வரும். விரல் நுனிக்கு அருகில் உள்ள மூட்டை வழக்கமாக விட்டுவிடும். அந்த நுனி மூட்டில் கெட்டியாக எலும்புபோல முடிச்சு வந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். முடக்குவாத வீக்கம் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். மோதிரம் திடீரென்று இறுகிப்போவது, கை குலுக்கினால் சுரீர் என்பது, காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் கூழாங்கல் மேல் நிற்பது போல பாதத்தின் முன்பகுதி வலிப்பது, இதெல்லாம் எங்களிடம் வருபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. காரணமே இல்லாத அசதியும் கூடவே இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகமாக வரும் நோய் இது. அதனால் "வேலைப் பளு" என்று சொல்லி அவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள்.

அவசரம் ஏன் என்றால், தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள், முடிந்தால் 3 மாதத்துக்குள், நோயின் போக்கை மாற்றும் மருந்தை ஆரம்பித்தால் மூட்டில் எலும்பு அரிக்கப்படுவதைப் பெரிதும் தடுக்க முடிகிறது. அரித்த எலும்பு திரும்ப வராது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் தற்காலிகமாக அடக்கிவிடுவதால், அந்த நல்ல காலம் கைநழுவிப்போகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சிறு மூட்டுகளில் சில வாரங்களாக வீக்கம் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் மூட்டுவாத நிபுணரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாசலோரம்

அக்கா, ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் எதிர்ப்பொருள்) இல்லை என்று வந்தால் முடக்குவாதம் இல்லை என்று அர்த்தமா? என் சித்திக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் இரண்டு மணிக்கட்டும் வீங்கியே இருக்கிறது.

இரவுப்பணி

இல்லை தம்பி, அப்படி அர்த்தமில்லை. அந்தச் சோதனையும், இதே நோய்க்குப் பார்க்கும் ஆன்டி சிசிபி என்ற இன்னொரு ரத்தச் சோதனையும் இல்லை என்று வந்தும் முடக்குவாதம் இருப்பவர்கள் இருக்கிறார்கள். நோயே இல்லாத சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, ஆர்.ஏ. ஃபேக்டர் இருக்கிறது என்று வருவதும் உண்டு. வீங்கிய மூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் முதலில். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டில் வீக்கத்தைப் பார்க்கலாம். சித்தியை மூட்டுவாத நிபுணரிடம் அழைத்துப் போங்கள். காலையில், வீக்கம் அதிகமாக இருக்கும் நேரத்தில் கைகளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மதியம் மருத்துவரைப் பார்க்கும்போது பாதி வீக்கம் வடிந்திருக்கும்.

ஒருவேளை மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக்கொடுத்தால், இந்த நோய்க்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாசலோரம்

நன்றி அக்கா, கண்டிப்பாகச் செய்கிறேன்.

இளைஞர்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். என் நண்பனுக்கு 26 வயதில் கீழ்முதுகு வலி. எல்லோரும் "உட்கார்ந்தே வேலை பார்க்கிறாய், ரெஸ்ட் எடு" என்றார்கள். ஓய்வெடுத்தால் அவனுக்கு வலி கூடியது. விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு முதுகு வலித்து எழுந்து, அறைக்குள்ளேயே நடந்தால்தான் சரியாகும். சில நாள் வலது புட்டத்தில், சில நாள் இடது புட்டத்தில் வலி மாறி மாறி வரும். கடைசியில் அது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததே ஒரு கண் மருத்துவர். கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனபோது, "உனக்கு முதுகு வலி உண்டா?" என்று அவர்தான் கேட்டார்.

இரவுப்பணி

அருமையான கேள்வி கேட்டிருக்கிறார் அந்த மருத்துவர். 45 வயதுக்கு முன் தொடங்கி 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு வலி, ஓய்வில் கூடி அசைவில் குறைந்தால், அதைச் சாதாரணத் தசைப்பிடிப்பு என்று விடக்கூடாது. அதோடு சொரியாசிஸ் இருப்பவர்கள், நகத்தில் ஊசி குத்தியது போலச் சிறு குழிகள் இருப்பவர்கள், ஒரு விரல் முழுக்க அடியிலிருந்து நுனிவரை வீங்கியிருப்பவர்கள் மூட்டு வலி வந்தால் தோல் பிரச்சினையையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நோயின் பகுதியாக இருக்கலாம்.

மழைக்குருவி

குழந்தைகளைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். என் மகளுக்கு 4 வயது. சில வாரங்களாகக் காலையில் எழுந்ததும் தூக்கச் சொல்லி அடம் பிடிக்கிறாள், மதியம் ஓடி விளையாடுகிறாள். வலிக்குதா என்றால் இல்லை என்கிறாள். செல்லம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இரவுப்பணி

மழைக்குருவி, இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பயப்படச் சொல்லவில்லை, பார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைகள் மூட்டு வலியை வலி என்று சொல்ல மாட்டார்கள். காலையில் நொண்டுவது, தூக்கச் சொல்வது, நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை மீண்டும் தவழ்வது, இப்படித்தான் தெரியும். முழங்கால், கணுக்கால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் உருண்டையாகத் தெரிகிறதா என்று. 16 வயதுக்குள் 6 வாரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு வீக்கத்துக்கு வேறு காரணம் கிடைக்காவிட்டால் அது சிறுவர் மூட்டுவாதமாக இருக்கலாம். அப்படி இருந்தால் கண்ணையும் கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். சிவப்போ வலியோ இல்லாமலே உள்ளே அழற்சி இருக்கலாம்.

காய்ச்சலோடு நொண்டினால், காலைக் கீழே ஊன்றவே மாட்டேன் என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

தசைநாண்

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வரி சேர்க்கிறேன். தொடையிலோ முழங்காலிலோ வலி என்று சொல்லி, பாதம் வெளிப்பக்கம் திரும்பி நொண்டி நடந்தால் இடுப்பைப் படம் எடுக்கவேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியில்) நழுவியிருக்கலாம். அதுவரை அந்தக் காலில் நடக்கவிடாதீர்கள்.

கணக்கன்

இழை நல்ல திசையில் போகிறது. என் முந்தைய பதிவில் சொன்னதை இப்படிக் கேட்கிறேன்: வீட்டிலேயே அளந்து பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? எண் இருந்தால் பயமும் குறையும், ஏமாற்றிக்கொள்ளவும் முடியாது.

தசைநாண்

இருக்கிறது. மூன்றைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சுவரோரமாக, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்யுங்கள்.

முதலாவது 30 விநாடி நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலி, இருக்கை உயரம் சுமார் 43 சென்டிமீட்டர். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணவேண்டும். கையை ஊன்றினால் எண்ணிக்கை பூஜ்யம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுப்படி 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. 75 முதல் 79 வயதில் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. இதற்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை. வழக்கமான வேகத்தில் நடக்கவேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்கவேண்டும். நேரத்தைவிடத் திரும்பும் இடத்தைப் பாருங்கள். சட்டென்று திரும்புகிறாரா, சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்புகிறாரா, சுவரைத் தேடுகிறாரா?

மூன்றாவது நடை வேகம். 4 மீட்டர் தூரத்தைக் கடக்க 5 விநாடி ஆனால் விநாடிக்கு 0.8 மீட்டர். அதைவிட மெதுவாக இருந்தால் தசை இழப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த எண்கள் எந்த மூட்டில் என்ன நோய் என்று சொல்லாது. அதே நாற்காலியில், அதே செருப்போடு, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து எழுதி வைத்தால் அந்த மனிதருக்கு என்ன மாறியது என்பது தெரியும். அதுதான் பயன்.

மெல்லநட

அப்பாவோடு சேர்ந்து நானும் செய்தேன், இருவருக்கும் சேர்த்து நேரம் பார்த்தோம். அதனால் பரீட்சை மாதிரி இல்லாமல் போயிற்று. அவருக்கு வயது 76, நாற்காலிச் சோதனையில் 8 வந்தது. அவரே "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, பிசியோதெரபிக்குப் போகலாம் என்றார். நான் பல மாதங்கள் கேட்டும் சம்மதிக்காதவர்.

இன்னொன்று கவனித்தேன். நடந்து வரும்போது வலது கை நன்றாக வீசுகிறது, இடது கை உடம்போடு ஒட்டியே இருக்கிறது. இது மூட்டு சம்பந்தப்பட்டதா?

இரவுப்பணி

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். தோள்பட்டையில் வலியோ இறுக்கமோ இருந்தாலும் கை வீசாது. ஆனால் ஒரு பக்கக் கை வீச்சு குறைவது அசைவுகளை மெதுவாக்கும் மூளை நோயான பார்க்கின்சனின் ஆரம்பத்திலும் வரும். அந்த நோய் முதலில் தோள்பட்டை வலியாகத் தெரிந்து, தோள் இறுக்கம் என்று சிகிச்சை பெறுபவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து சின்னதாகிவிட்டதா, முகத்தில் பாவனை குறைந்ததா, வாசனை தெரியவில்லை என்கிறாரா என்று பாருங்கள்.

தசைநாண்

தோளை வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். இடது பக்கம் திரும்பவே இல்லை, நீங்கள் மெதுவாகத் திருப்பினாலும் நின்றுவிடுகிறது என்றால் தோள் இறுக்கமாக இருக்கலாம். 40 முதல் 60 வயதில் அதிகம், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். முதுகுக்குப் பின்னால் கொக்கி மாட்டுவது, பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பது, இரண்டும்தான் முதலில் கஷ்டமாகும். தோள் சுலபமாகத் திரும்புகிறது, ஆனாலும் கை வீசவில்லை என்றால் நரம்பியல் மருத்துவர் பார்க்கட்டும்.

நடை மாறுவதற்கு மூட்டு அல்லாத காரணங்கள் இன்னும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து வலித்து, உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் குறைந்தால், கீழ்முதுகில் நரம்புப் பாதை சுருங்கியிருக்கலாம். இவர்கள் தள்ளுவண்டியின் மேல் குனிந்துகொண்டு எவ்வளவு தூரமும் நடப்பார்கள். குனியாமல், வெறுமனே நின்றாலே கெண்டைக்கால் வலி குறைகிறது என்றால் ரத்தக்குழாயைப் பார்க்கவேண்டும். கால் தடுமாற்றத்தோடு, கையில் பொத்தான் போடவோ சாவி திருப்பவோ முடியாமல் போனால் கழுத்தில் தண்டுவடம் அழுந்துகிறதா என்று உடனே பரிசோதிக்கவேண்டும். கழுத்து வலியே இல்லாமலும் இது வரும்.

நீலவானம்

எப்போது காத்திருக்கவே கூடாது என்று ஒரே இடத்தில் சொல்லிவிடுங்களேன், நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இரவுப்பணி

ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, அசைக்கவே முடியாமல் போனால் அன்றே மருத்துவமனை. காய்ச்சல் இருந்தால் கேட்கவே வேண்டாம், ஆனால் காய்ச்சல் இல்லை என்பதற்காக வீட்டில் இருக்கவும் கூடாது. கவுட்டாக (மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்வது) இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். தொற்று மூட்டைச் சில நாட்களில் அழித்துவிடும். மூட்டிலிருந்து நீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கும் எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இது இன்னும் முக்கியம்.

முதுகு வலியோடு சிறுநீர் வராமல் போனாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவு. விழுந்த பிறகு காலை ஊன்ற முடியவில்லை என்றாலும் அப்படியே.

கணக்கன்

அம்மாவிடம் தசைநாண் அவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். நடக்கிறேன், ஆனால் கம்பு வேண்டாம், வயசானவள் மாதிரி தெரியும் என்கிறார். அவருக்கு வலது முழங்காலில்தான் வலி. கம்பு உண்மையிலேயே தேவையா? நடந்த பிறகு வலித்தால் என்ன செய்வது?

தசைநாண்

பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. அன்று இரவு வலி கூடி மறுநாளும் நீடித்தால் தூரத்தைக் குறைக்கவேண்டும், நிறுத்தக்கூடாது. நாற்காலியில் எழுந்து உட்காருவதே நல்ல பயிற்சி. கஷ்டமாக இருந்தால் இருக்கையின் மேல் கெட்டியான தலையணை வைத்து உயரத்தைக் கூட்டி ஆரம்பிக்கட்டும். எடை அதிகம் என்றால், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. வலி மாத்திரையை மட்டும் நாள்கணக்கில் தானாக எடுக்கவேண்டாம். சிறுநீரகம், வயிறு, இதயம் மூன்றையும் பாதிக்கக்கூடியது.

கம்பு நிரந்தரமாக வேண்டும் என்றில்லை. நீண்ட தூரம் போகும்போது மட்டும் வைத்துக்கொள்ளட்டும். "இதைப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். "விழுந்துவிடுவாய்" என்று சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள்.

வலது முழங்காலில் வலி என்றால் கம்பு இடது கையில் இருக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். வலது காலும் கம்பும் ஒன்றாக முன்னால் போகவேண்டும். செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கம்பின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கம்பும் வலிக்கிற காலும் முதலில். அடியில் உள்ள ரப்பர் குமிழ் வழவழப்பாகத் தேய்ந்துபோனால் உடனே மாற்றிவிடுங்கள், ஈரத் தரையில் வழுக்கும்.